கரையில் காவல், கடலில் பசி

(இயற்கை அன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெங்குவின் என்னும் பட்சியைப் பற்றிய பிரசங்கம் என்று அறிவிப்பில் கண்டதும், இந்தச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமாவது பனிப்பாறைகளைப் பற்றிக் கேட்டு மனத்தளவிலாவது குளிர்ந்து போகலாம் என்னும் ஆசையோடு உங்களில் சிலர் வந்திருக்கக்கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஓர் ஏமாற்றத்தைக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. நான் சொல்லப்போகும் பெங்குவின்கள் பனிப்பாறையை அறியாதவை. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில், மலைச்சரிவிலே திராட்சை விளைகிற, கோடையில் கால் வைக்க முடியாதபடி பாறை சுடுகிற கடற்கரையில் அவை வாழ்கின்றன. உலகிலுள்ள பெங்குவின் வகைகளை 18 என்று கணக்கிடுவார்கள். அவற்றுள் ஆப்பிரிக்கக் கண்டத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது இந்த ஒன்றுதான். ஆப்பிரிக்கப் பெங்குவின் என்பதே இதற்குப் பெயர்.

வெயில் நாட்டில் இது எப்படி நிலைத்தது என்று கேட்டால், அதற்கு விடை கரையில் இல்லை, கடலில் இருக்கிறது. நன்னம்பிக்கை முனையின் மேற்கே, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பெங்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் செல்கிறது. அந்தப் பிரதேசத்தில் தென்கிழக்கிலிருந்து விடாமல் வீசும் காற்று மேல்மட்டத்து நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்புவதற்காக ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுகிறது. அவ்வாறு எழும்போது யுகயுகமாக அடியிலே மண்டிக்கிடந்த உப்புச் சத்துக்களையும் உடன் கொண்டுவருகிறது. அந்தச் சத்தை உண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன; அவற்றை உண்டு சாளையும் நெத்திலியும் கூட்டங்கூட்டமாகப் பெருகுகின்றன; சாளையையும் நெத்திலியையும் உண்டு பெங்குவின் ஜீவிக்கிறது. ஆகவே இந்தப் பட்சிக்கு ஆப்பிரிக்க மண் படுக்கையறை மாத்திரமே. அடுக்களை முழுவதும் சமுத்திரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பாகுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், ஏனென்றால் நான் இன்று சொல்ல வந்தது பெரும்பாலும் இதைப் பற்றியதே.

கேப் டவுன் நகரத்திலிருந்து தெற்கே, ஃபால்ஸ் வளைகுடாவின் கரையை ஒட்டிச் செல்லும் பாதையில் சென்றால், கடற்படைத் துறைமுகமாகிய சைமன்ஸ் டவுன் வருகிறது. அதன் எல்லையிலே போல்டர்ஸ் என்று ஓர் இடம். ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்னே உறைந்து இறுகிய கருங்கற் பாறைகள், யானைக்கூட்டம் நீரில் இறங்கினாற்போல் உருண்டு திரண்டு கடலுக்குள்ளேயே நிற்கின்றன; அவற்றின் நடுவே வெள்ளை மணல் கொண்ட சின்னஞ்சிறு துறைகள். பின்புறம் சாதாரணமான வீடுகள், தோட்டங்கள், வண்டி நிறுத்துமிடம். 1980-களின் தொடக்கத்தில் இரண்டு இணைப் பெங்குவின்கள் எங்கிருந்தோ வந்து இந்தத் துறையிலே கூடு கட்டின. வளைகுடாவுக்குள் பெரிய வலைகள் இழுக்கப்படுவது நின்று மீன் பெருகியிருந்ததே அவை இங்கே தங்கியதற்குக் காரணம் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த இரண்டு இணைகள் ஆயிரக்கணக்கான பறவைகளாயின. இப்போது அந்த இடம் டேபிள் மலைத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த காப்பிடம்.

உள்ளே செல்வோர் மணலில் இறங்காதபடி மரப்பலகைகளால் உயர்த்திக் கட்டிய நடைபாதை ஒன்று புதர்களின் ஊடே கடற்கரை வரையில் செல்கிறது. மனிதன் அந்தப் பாதையை விட்டு இறங்கக் கூடாது; பறவை எங்கு வேண்டுமானாலும் போகலாம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம்முடைய மிருகக்காட்சி சாலைகளில் பிராணி அடைபட்டிருக்க மனிதன் உலாவுகிறான்; இங்கே மனிதன் இரண்டு கைப்பிடிக் கம்புகளுக்கு நடுவே அடைபட்டு நிற்க, பெங்குவின்கள் தங்கள் அலுவலைப் பார்த்துக்கொண்டு பலகையின் அடியிலும் பக்கத்திலும் போய் வருகின்றன. நம்மை அவை பொருட்படுத்துவதாகவே தெரியவில்லை. ஆனால் நெருங்கிக் கையை நீட்டினால் அந்த அலட்சியம் நொடியில் மறைந்துவிடும். அதன் அலகின் விளிம்பு கத்தியைப் போன்றது.

உயரம் 60 முதல் 70 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய மூன்று கிலோ. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. இந்த இரு நிறமும் அலங்காரத்துக்காக ஏற்பட்டவையல்ல. மேலிருந்து நோக்கும் பகைக்குக் கறுத்த முதுகு ஆழக் கடலின் இருளோடு கலந்துவிடுகிறது; கீழிருந்து நோக்கும் சுறாவுக்கும் கடல்நாய்க்கும் வெளுத்த வயிறு வானத்து ஒளியோடு கலந்துவிடுகிறது. மார்பிலே குதிரைலாட வடிவில் ஒரு கறுப்புப் பட்டையும், அதன்கீழ்ச் சில புள்ளிகளும் உண்டு. அந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒரு பறவைக்கு இருப்பதுபோல் மற்றொரு பறவைக்கு இருப்பதில்லை. அதைக் கொண்டே ஆராய்ச்சியாளர்கள் ஆளை அடையாளம் காண்கிறார்கள். கண்ணுக்கு மேலே ரோஜா நிறத்தில் இறகில்லாத ஓர் இடம் இருக்கிறது. உடல் சூடேறும்போது இரத்தம் அங்கே பாய்ந்து காற்றில் குளிர்ந்து திரும்புகிறது. வெயில் ஏற ஏற அந்த இடத்தின் சிவப்பும் ஏறுகிறது. குளிர்நீருக்கென்று தைத்த அடர்ந்த அங்கியைக் கழற்ற முடியாமல் ஆப்பிரிக்க வெயிலில் நிற்க வேண்டிய ஜந்துவுக்கு இயற்கை செய்து கொடுத்த சிறு சகாயம் இது.

அவற்றின் குடும்ப வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பொழுது போவதே தெரியாது. பெரும்பாலும் அதே துணை, அதே கூடு என்றுதான் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. இரண்டு முட்டைகள், ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாத்தல், ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு ஒன்று கூட்டிலிருக்க மற்றொன்று கடலுக்குப் போகும். திரும்பி வந்ததும் இரண்டும் தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, உடம்பெல்லாம் குலுங்கும்படி ஒரு சப்தம் எழுப்புகின்றன. முதல் தடவை கேட்பவர்கள் வேலிக்கு அப்பால் கழுதை நிற்கிறதென்று நிச்சயமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். மாலையில் கடலிலிருந்து கூட்டமாக வந்து கரையேறும் வேளையில் இந்தக் கச்சேரி நடுநிசி வரையில் நீடிப்பதுண்டு. பக்கத்து வீடுகளில் குடியிருப்போர் பெங்குவின்களைப் பற்றி எப்போதும் உலகத்தாரைப் போலவே பரவசமாகப் பேசுவதில்லை என்பதில் வியப்பொன்றும் இல்லை. தோட்டத்துப் பூச்செடிகளின் அடியைத் தோண்டிக் கூடு கட்டிக்கொண்டு, இரவெல்லாம் கத்துகிற அண்டை வீட்டாரை நாம் எத்தனை காலம் சகித்துக்கொள்வோம்? அந்த ஊரில் வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியில் பெங்குவின் படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள் என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை இப்பறவைகள் இறகு உதிர்க்கும் காலம் வருகிறது. மற்றப் பறவைகள் ஒவ்வோர் இறகாக மாற்றிக்கொள்ளும். பெங்குவினோ உடம்பு முழுவதையும் ஒரே தவணையில் மாற்றிக்கொள்கிறது. பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு நீர் புகாதபடி அமைவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதுவரையில் கடலில் இறங்க முடியாது. கடலில் இறங்காவிட்டால் ஆகாரம் கிடையாது. ஆகவே இந்த மூன்று வாரமும் பூரண உபவாசம். உடம்பின் எடையில் ஏறக்குறையப் பாதி கரைந்துபோகும். பஞ்சு பிரிந்த பழைய மெத்தைபோல் அங்கங்கே பிய்ந்து, யாரோடும் சேராமல், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பறவைகளைப் பார்த்து, பிணியுற்றவை என்று எண்ணி இரங்குகிற யாத்திரிகர்கள் உண்டு. பிணியொன்றுமில்லை. உபவாசத்துக்கு முன்னே வயிறாரத் தின்று கொழுத்திருக்க வேண்டும். உபவாசம் முடிந்தவுடன் மெலிந்த உடம்போடு கடலில் இறங்கும்போது பக்கத்திலேயே மீன் கிடைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் பறவை பிழைப்பதில்லை. குஞ்சு இன்னும் வளர்ந்தாகவில்லை, இறகு உதிரும் காலம் வந்துவிட்டது என்றால், தாயும் தந்தையும் குஞ்சைக் கைவிட்டுவிடுகின்றன. கல்நெஞ்சம் என்று அதைச் சொல்ல முடியாது. ஊட்டுவதற்குக் கடலில் இறங்க இயலாத நிலையில் அவை வேறு என்ன செய்யும்? இவ்வாறு கைவிடப்பட்ட குஞ்சுகளை எடுத்து வளர்த்து மீண்டும் கடலில் விடுகிற கைங்கரியத்தைக் கேப் பகுதியில் சான்காப் என்னும் கடற்பறவைப் பாதுகாப்பு ஸ்தாபனம் செய்துவருகிறது. அது 1968-ல் ஏற்பட்டது.

இந்தப் பட்சியோடு ஐரோப்பியருக்கு நேர்ந்த பழைய சந்திப்பொன்று நம் சரித்திரத்தோடும் ஒட்டியிருக்கிறது. 1497-ஆம் ஆண்டின் இறுதியில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பி, இன்று மோசல் பே என வழங்கும் குடாவில் நங்கூரமிட்டன. அங்கிருந்த சிறு தீவில் வாத்தளவு பருமனுள்ள, பறக்க இயலாத, கழுதைபோல் கத்துகிற பறவைகள் இருந்தன என்றும், வேண்டுமளவு அவற்றைக் கொன்றார்கள் என்றும் அந்த யாத்திரையின் நாட்குறிப்பை எழுதியவர் குறித்திருக்கிறார். அந்தக் கப்பல்கள்தாம் அடுத்த ஆண்டு மே மாதத்தில் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தவை. பின்னர் 1652-ல் ஒல்லாந்தர் முனையிலே குடியேறியபோது, ராபன் தீவின் பெங்குவின்களும் முட்டைகளும் அவர்களுடைய உணவாயின. நெல்சன் மண்டேலா பல்லாண்டுகள் சிறையிருந்த தீவு அதுவே. அங்கே பெங்குவின் இனம் அடியோடு அற்றுப்போய், 1983-லேதான் திரும்பத் தலைகாட்டியது.

ஆயினும் மாலுமிகளின் பசி ஓர் இனத்தை அழிக்கக்கூடிய பசி அல்ல. இவற்றுக்கு வந்த மெய்யான கேடு, பறவையைத் தொடாமலே வந்தது. மழை குறைந்த அந்தக் கரையோரத் தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் கரைந்தோட வழியின்றி நூற்றாண்டுக் கணக்காகப் படிந்து, பாறைமேல் பாறையாக உயர்ந்திருந்தது. பெங்குவின்கள் அதைக் குடைந்து வளை செய்துகொண்டன. உள்ளே வெயில் இல்லை, அனல் இல்லை, முட்டையைத் தூக்கிச் செல்லும் கடற்காகத்துக்கும் இடமில்லை. பறவை தன் குலத்தின் எச்சத்தையே வீடாக்கிக்கொண்டிருந்தது. அந்த எச்சம் வயலுக்கு உயர்ந்த உரம் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா அறிந்துகொண்டது. நமீபியாவின் கரைக்கு அப்பால் இச்சாபோ என்னும் சிறு தீவில் இருபத்தைந்து அடி ஆழத்துக்கு அது படிந்து கிடப்பதாக பெஞ்சமின் மோரெல் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவன் 1832-ல் வெளியிட்ட யாத்திரை நூலில் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு 1843-ல் முதல் கப்பல் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அந்தத் துண்டுப் பாறையைச் சூழ்ந்து நின்றன. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் அதன்மேல் ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டு வெட்டினார்கள். 1845-ன் நடுவில் தீவு வெறும் கல்லாகிவிட்டது. அதன்பின் மற்றத் தீவுகளின் முறை வந்தது.

இதைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தக் கப்பல்களில் வந்தவர்களிடம், நீங்கள் பறவையினத்தை அழிக்கிறீர்கள் என்று சொல்லியிருந்தால் அவர்கள் உண்மையாகவே திகைத்திருப்பார்கள். நாங்கள் எடுப்பது கழிவு என்றே பதில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிலில் கபடமில்லை. ஆனால் வளை போனபின் பெங்குவின் வெட்டவெளியில் முட்டையிட நேர்ந்தது; வெயில் தாங்காமல் அடையை விட்டு அது கடலுக்கு ஓடிய கணத்தில் கடற்காகங்கள் முட்டையைக் கொண்டுபோயின; மழை பெய்தால் குஞ்சுகள் நனைந்து மடிந்தன. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய இப்போது செயற்கைக் கூடுகள் செய்து வைக்கிறார்கள். முதலில் செய்த கண்ணாடியிழைக் கூடுகள் உள்ளே அனலாகிவிட்டன; பல மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தபின், சுட்ட மண்ணைப் போன்ற பொருளில் இரட்டைச் சுவர் வைத்து, காற்று நுழையத் துளைவிட்டுச் செய்த கூடுகளை இப்போது பல குடியிருப்புகளில் அமைத்திருக்கிறார்கள். போல்டர்ஸ் நடைபாதையின் ஓரத்திலும் புதரடியில் புதைத்து வைத்த செயற்கை வளைகள் உண்டு.

முட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெங்குவின் முட்டையை வேகவைத்தாலும் அதன் வெண்கரு வெளுப்பதில்லை. கண்ணாடிபோல் தெளிந்தே இருக்கும். கேப் டவுன் நகரத்துச் சீமான்களின் மேசைகளில் அது ஒரு விசேஷப் பண்டம். 20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கேப் கரைத் தீவுகளிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட முட்டைகள் எடுக்கப்பட்டன. சர்க்கார் அனுமதியோடு, கணக்கெழுதி நடந்த காரியம் அது. 1967-ல்தான் நிறுத்தினார்கள். வளை போயிற்று, முட்டையும் போயிற்று. அந்த நூற்றாண்டு தொடங்குகையில் பத்து லட்சத்துக்குக் குறையாதிருந்த பறவைகள், அது முடிவதற்குள் அதில் ஒரு சிறு பின்னமாகிவிட்டன.

முட்டைக்குத் தடை வந்த அதே காலத்தில், சூயஸ் கால்வாய் அடைபட்டதனால் எண்ணெய்க் கப்பல்களெல்லாம் முனையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. எண்ணெய் பட்ட பெங்குவின் நீரில் மூழ்கி இறப்பதில்லை. இறகுகளின் கோப்பு குலைந்து குளிர்நீர் தோலைத் தொட்டுவிடுகிறது; குளிர் தாங்காமல் கரையேறி நிற்கிறது; அலகால் கோதிக்கோதி எண்ணெயை விழுங்குகிறது; கடலுக்குப் போக அஞ்சிப் பட்டினி கிடந்து சாகிறது. 1994-ல் அப்பல்லோ சீ என்ற கப்பல் மூழ்கியபோது ஏறத்தாழ பதினாயிரம் பறவைகள் எண்ணெயில் நனைந்தன. கரைசேர்த்தும் அவற்றில் பாதியே பிழைத்தன. அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஆறு ஆண்டுகளுக்குப் பின் பயன்பட்டது.

2000-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி, இரும்புத் தாது ஏற்றி வந்த டிரெஷர் என்னும் கப்பல், பெங்குவின்கள் மிகுதியாகக் கூடு கட்டும் டாசன் தீவுக்கும் ராபன் தீவுக்கும் நடுவே மூழ்கிற்று. அதுவோ கூடு கட்டும் பருவம். 19,000 பறவைகள் எண்ணெயில் தோய்ந்தன. அவற்றையெல்லாம் பிடித்து, கேப் டவுனில் ரயில்வேக்குச் சொந்தமான ஒரு பெரிய கொட்டகையில் வட்டவட்டமான தொட்டிகளில் வைத்து, பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்த் தொண்டர்களுமாக ஆயிரக்கணக்கானோர் கூடிக் கழுவினார்கள். செத்த மீனை இரையென்று அறியாத பறவையாகையால், ஒவ்வொன்றையும் முழங்கால்களுக்கிடையே பிடித்து வாயைத் திறந்து சாளையை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. கொத்து வாங்காத கை ஒன்றுகூட அங்கே இருந்திராது.

அதைக் காட்டிலும் நுட்பமான யோசனை மற்றொன்று. எண்ணெய் இன்னும் தொடாத பறவைகள் தீவுகளில் அதே அளவு இருந்தன. அவற்றை எங்கே வைத்துக் காப்பது? ஏறத்தாழ 19,500 பறவைகளைப் பெட்டிகளில் அடைத்து, லாரிகளில் ஏற்றி, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிழக்குக் கரையில் போர்ட் எலிசபெத் அருகே கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார்கள். தங்கள் வீட்டை நாடி அவை நீந்தி வருவதற்குள் இங்கே கடலைத் துப்புரவாக்கிவிடலாம் என்பது கணக்கு. பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயரிட்ட மூன்று பறவைகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தியிருந்தபடியால், அவை கரையை ஒட்டி மேற்கே நீந்தி வருவதைத் தேசமே நாள்தோறும் பத்திரிகையில் படித்தது. பீட்டர் மூன்று வாரத்துக்குள் ராபன் தீவை அடைந்துவிட்டது. கழுவப்பட்ட பறவைகளிலும் பத்தில் ஒன்பதுக்குமேல் பிழைத்தன. மனிதன் செய்த கேட்டுக்கு மனிதனே இவ்வளவு பூரணமாகப் பிராயச்சித்தம் செய்த சம்பவங்கள் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இத்தனைக்குப் பின்னும் பெங்குவின் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் விஷயம். உரம் எடுப்போர் இல்லை, முட்டை எடுப்போர் இல்லை, தீவுகளும் துறைகளும் காப்பிடங்களாகிவிட்டன, காவலர் இருக்கிறார்கள், கூடு செய்து வைக்கிறார்கள், அனாதைக் குஞ்சுகளுக்கு வளர்ப்பகம் இருக்கிறது. ஆயினும் இன்று உலகமெங்கும் குடியிருப்புகளில் கூடு கட்டும் இணைகள் பதினாயிரத்துக்கும் குறைவு. 2024 அக்டோபரில், அழிவின் விளிம்பிலுள்ளது என்னும் மிகக் கடுமையான பிரிவில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதைச் சேர்த்தது. பெங்குவின் வகைகளில் அந்தப் பிரிவுக்குப் போன முதல் வகை இதுவே. இப்போதைய வேகம் நீடித்தால் 2035 வாக்கில் காட்டுநிலையில் இவ்வினம் அற்றுப்போகும் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

காரணம் பசி. குஞ்சு வைத்திருக்கும் பெங்குவின் காலையில் போய் மாலையில் அல்லது மறுநாள் திரும்பியாக வேண்டும். ஆகவே கூட்டிலிருந்து சில பதின் கிலோமீட்டர்களுக்குள்ளேயே அது இரை தேடும். கடற்பறவைகளில் பறக்கக்கூடியவை மீன் போன இடத்துக்குத் தாமும் போய்விடும். இதற்கு அந்த வசதி கிடையாது. 1940-களிலிருந்து அந்தக் கடலில் பெருமளவில் சாளை பிடிக்கும் தொழில் வளர்ந்தது. 1960-களின் நடுவில் மிதமிஞ்சிப் பிடித்ததனால் சாளை சரிந்தது. நெத்திலியைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் கடலின் சுபாவமும் மாறி, சாளைக் கூட்டம் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே நகர்ந்தது. தீவுகளோ நகரவில்லை. மீன் குறைந்த மேற்குக் கடலில், இருக்கிற மீனுக்கே வலையும் அலகும் ஒரே இடத்தில் போட்டியிடுகின்றன.

அந்த மீன் தொழிலார் பயன்படுத்துவது, மீன் கூட்டத்தை வளைத்து அடியைக் கயிற்றால் சுருக்கி முழுவதையும் அள்ளும் வலை. நம் கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் உள்ளவர்களுக்குச் சுருக்குமடி என்றால் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வலையைப் பற்றி நம் மீனவர்களுக்குள்ளேயே மூண்ட சச்சரவும், 2000-ல் நம் மாநிலம் விதித்த தடையும், பின்னர் அது உச்ச நீதிமன்றம் வரையில் போனதும் நீங்கள் அறிந்ததே. அங்கே அந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன; சாளை டின்களில் அடைபட்டு ஏழைகளின் உணவாகிறது. இதையெல்லாம் தள்ளிவிட்டுப் பறவைக்காக மாத்திரம் கண்ணீர் விடுவது நியாயமாகாது. ஆனால் நெத்திலியின் பெரும்பகுதி மனிதர் வாயை அடைவதில்லை. மாவாகவும் எண்ணெயாகவும் அரைபட்டுக் கால்நடைக்கும் வளர்ப்பு மீனுக்கும் தீவனமாகிறது. அந்த வலையைப் பறவையின் வாசலிலிருந்து சற்றே தள்ளி வீசுங்கள் என்று கேட்பது அதிகமான கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

கிழக்கே அல்கோவா வளைகுடாவில் செயின்ட் குரோய் என்றொரு தீவு. ஒருகாலத்தில் உலகிலேயே ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் மிகுதியாகக் கூடியிருந்த இடம் அது. 2016-ல் அந்த வளைகுடாவில் கப்பலிலிருந்து கப்பலுக்கு நடுக்கடலில் எரியெண்ணெய் நிரப்பும் வியாபாரம் தொடங்கிற்று. கப்பல் நடமாட்டமும் நீரடி இரைச்சலும் பெருகின. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தீவின் பெங்குவின்களில் பெரும்பகுதி இல்லாமற்போயின. தீவின்மேல் ஒரு கல்லைக்கூட யாரும் புரட்டவில்லை. சட்டப்படி அது பத்திரமான காப்பிடமாகவே இருந்தது.

கரையிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2021 செப்டம்பரில் சைமன்ஸ் டவுன் குடியிருப்பில் 63 பெங்குவின்கள் ஒரே இரவில் மாண்டு கிடந்தன. ஆராய்ந்து பார்த்ததில், கண்ணைச் சுற்றி இறகில்லாத இடத்தில் தேனீக்கள் கொட்டியதனால் என்று தெரிந்தது. பெட்டீஸ் பே என்னும் ஊரில் பழைய திமிங்கில வேட்டை நிலையத்தின் இடிபாடுகளினூடே ஸ்டோனி பாயின்ட் காப்பிடம் இருக்கிறது. அங்கே 1980-களில் ஒரு சிறுத்தை இறங்கி அறுபதுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றுவிட்டது. ஆனால் சிறுத்தைக்கு வேலி போடலாம், போட்டார்கள். அந்த இடத்தின் அமைதியும் காற்றும் போல்டர்ஸில் கிடைக்காதவை, கூட்டமும் குறைவு. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கமுடியும் என்றால் இதைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

மீன் கிழக்கே போனதனால் பறவையையும் கிழக்கே குடியேற்றிப் பார்ப்போம் என்று ஒரு முயற்சி நடக்கிறது. டி ஹூப் என்னும் காப்பிடத்தின் கடல்முனையில் வேலி கட்டி, சிமென்டில் பெங்குவின் பொம்மைகள் செய்து நிறுத்தி, பதிவு செய்த அந்தக் கழுதைக் குரலை ஒலிபெருக்கியில் விடாமல் ஒலிக்கச் செய்தார்கள். ஏற்கெனவே குடித்தனம் நடக்கிற இடம் என்று நம்பினாலன்றி இந்தப் பட்சி புது இடத்தில் எளிதில் குடியேறாது. ஆண்டுகள் சென்றன, கேலி செய்தவர்களும் உண்டு. 2022-ல் மெய்யான இணையொன்று வந்து அந்தப் பொம்மைகளின் பக்கத்திலே குஞ்சு பொரித்தது.

வலையைத் தள்ளி வீசச் சொல்லும் கோரிக்கைக்கு நெடிய வரலாறு உண்டு. 2008 முதல் சில தீவுகளைச் சுற்றி மாறி மாறிக் கடலை மூடியும் திறந்தும் ஆராய்ச்சி செய்தார்கள். புள்ளிவிவரம் போதாது என்று தொழில் தரப்பும், போதும் என்று பறவை தரப்பும் பத்தாண்டுகளுக்கு மேலாக வாதாடினார்கள். வெளிநாட்டு நிபுணர் குழு அமைத்தார்கள். பின்னர் 2023-ல் சர்க்கார் வரைந்த எல்லைகள், பறவை இரை தேடும் நீரைச் சரியாகத் தழுவவில்லை. பேர்ட்லைஃப் சவுத் ஆப்பிரிக்கா என்னும் ஸ்தாபனமும், முன்னே சொன்ன சான்காபும் 2024-ல் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில், பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில், மீன் தொழிலாரும் இணங்கிய சமரசம் ஏற்பட்டு நீதிமன்ற உத்தரவாயிற்று. டாசன், ராபன், ஸ்டோனி பாயின்ட், டையர், செயின்ட் குரோய், பேர்ட் ஆகிய ஆறு குடியிருப்புகளைச் சுற்றிச் சாளைக்கும் நெத்திலிக்குமான அந்தப் பெருவலை வீச்சு விலக்கப்பட்டிருக்கிறது. ராபன் தீவையும் பேர்ட் தீவையும் சுற்றி அந்த விலக்கு 20 கிலோமீட்டர் தூரத்துக்குச் செல்கிறது. காப்பிடத்தின் எல்லை அலையோடு முடிந்துவிடக் கூடாது என்று ஒரு தேசம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் என்றே நான் இதைக் கருதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருக்க வேண்டியது, இப்போதாவது செய்தார்கள்.

உங்களில் யாருக்கேனும் அந்தப் பக்கம் செல்லும் பாக்கியம் கிடைத்தால், மரப்பாதையில் நின்று வேண்டியமட்டும் பாருங்கள், படம் பிடித்துக்கொள்ளுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள். வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். புறப்படுமுன் அங்குள்ள காவலரிடம், இந்த ஆண்டு கடலில் சாளை எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெங்குவின்களின் க்ஷேமத்தைப் பற்றி அங்கே கேட்கத் தக்க கேள்வி அதுவே.